9 வோல்ட் பெடலுக்கு எத்தனை வோல்ட் கெப்பாசிட்டர் வாங்குவது?

நீங்கள் கேட்டது இது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் பெடல் ஒன்றை, அதாவது கிட்டார் ஒலியை முரட்டுத்தனமாகச் சிதைத்துத் தரும் பெட்டியைக் கட்டுகிறீர்கள். வரைபடத்தில் 22 மைக்ரோஃபேரட், 16 வோல்ட் என்று ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. கடையில் 50 வோல்ட்தான் கிடைத்தது. 9 வோல்ட் சர்க்யூட்டில் அதைப் போட்டால் "சரியாக நிரம்பாது, ஒலி மந்தமாகிவிடும்" என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். போடலாமா, கூடாதா? மற்ற கெப்பாசிட்டர்களுக்கு வரைபடத்தில் வோல்ட் எண்ணே இல்லை, அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கெப்பாசிட்டரின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த வோல்ட் எண்ணுக்கு என்ன பொருள்?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போடலாம். ஆற்றுப் பாலத்தின் தொடக்கத்தில் "10 டன்" என்று பலகை வைத்திருப்பார்கள். 2 டன் வண்டி போனால் பாலம் வேலை செய்யாமல் போய்விடுமா? அந்த வோல்ட் எண்ணும் அப்படித்தான். இதற்கு மேல் தாங்கமாட்டேன் என்று கெப்பாசிட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். இவ்வளவு கொடுத்தால்தான் வேலை செய்வேன் என்று அது சொல்லவில்லை. ஒலியைத் தீர்மானிப்பது, கெப்பாசிட்டர் எவ்வளவு மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் என்று சொல்லும் மைக்ரோஃபேரட் எண். 22 மைக்ரோ கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கு இடையே 9 வோல்ட் இருந்தால், அதில் சேரும் மின்னூட்டம் 22-ஐ 9-ஆல் பெருக்கியது. உடம்பில் 16 என்று எழுதியிருந்தாலும் 50 என்று எழுதியிருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

நண்பர் சொன்னது முழுக்க ஆதாரமில்லாத பேச்சு என்றும் சொல்லமாட்டேன். உங்கள் 22 மைக்ரோ போன்ற எலக்ட்ரோலைடிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகடு ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம். மின்சாரத்தைத் தடுத்து நிற்பது அந்தப் படலம்தான். தயாரிக்கும்போதே மின்னழுத்தம் கொடுத்து அதை வளர்க்கிறார்கள். அதிக வோல்ட் தாங்க வேண்டுமானால் படலம் தடிமனாக வேண்டும். தடிமன் கூடினால் அதே அளவு தகட்டில் மைக்ரோஃபேரட் குறையும். அதை ஈடுகட்டத் தகட்டை நீளமாக்குவார்கள், கெப்பாசிட்டர் பெரிதாகும். பல வருடம் மின்சாரமே காணாமல் கிடந்தால் படலம் மெல்ல மெல்லச் சிதையும் என்பதும் உண்மை. இதை வைத்துத்தான், குறைந்த வோல்ட்டில் ஓட்டினால் படலம் அதற்கேற்பச் சுருங்கிவிடும், மதிப்பு மாறிவிடும் என்ற நம்பிக்கை வளர்ந்தது. இன்றைய கெப்பாசிட்டர்களில் 50 வோல்ட் ரகத்தை 9 வோல்ட்டில் வருடக்கணக்கில் ஓட்டினாலும் பெடலில் உணரக்கூடிய மாற்றம் எதையும் நான் கண்டதில்லை. 17 வருடமாகப் பெடலும் ஆம்ப்ளிஃபையரும் பழுது பார்க்கிறேன். எண் பெரிதாக இருந்ததால் கெட்டுப்போன கெப்பாசிட்டர் ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. எண் சிறிதாக இருந்ததால் உப்பிப்போனவை நிறைய வந்திருக்கின்றன.

அப்படியானால் எவ்வளவு போதும் என்பதற்கு, பெடலுக்குள் உண்மையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரி என்பது 1.5 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்தது. புது ஆல்கலைன் பேட்டரியை மீட்டரில் வைத்தால் ஒன்பதரையைத் தாண்டிக் காட்டும். கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் சில நூறு மில்லிவோல்ட், பலமான ஹம்பக்கர் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் இரட்டைச் சுருள்) ஓங்கி அடித்தால் 1 வோல்ட்டைத் தொடும். டிரான்சிஸ்டரோ, ஓப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐ.சி.யோ அந்தச் சிக்னலை எவ்வளவு பெருக்கினாலும், கிடைக்கும் சப்ளையைத் தாண்டி அதனால் போக முடியாது. ஆகவே சாதாரண பெடலில் எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலும் சப்ளை வோல்ட்டேஜைவிட அதிகம் இருக்காது. விதிவிலக்கு சில உண்டு: சார்ஜ் பம்ப், ரிலே காயில், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சர்க்யூட்கள். சார்ஜ் பம்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய வரைபடம், 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸின் சிலிக்கான் வடிவம். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கைந்து ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர். முதல் கெப்பாசிட்டர் கிட்டார் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் 2.2 மைக்ரோ. அதன் ஒரு பக்கம் கிட்டார், அங்கே டி.சி. (ஒரே திசையில் நிலையாக நிற்கும் மின்சாரம்) கிடையாது. மறுபக்கம் முதல் டிரான்சிஸ்டரின் பேஸ் என்ற கால். எமிட்டர் என்ற இன்னொரு கால் நேராக கிரவுண்டில் (பூஜ்ய வோல்ட் புள்ளியில்) இருப்பதால் பேஸில் சுமார் 0.6 வோல்ட். ஆக, இந்தக் கெப்பாசிட்டர் சுமப்பது அந்த 0.6 வோல்ட்டைத்தான். நீங்கள் கவலைப்படும் 22 மைக்ரோ, ஃபஸ் கட்டுப்பாட்டின் நடுக்காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகிறது. அந்தக் கட்டுப்பாடு இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டரில் தொங்குகிறது. அந்த எமிட்டர், 100 கிலோ ஓம் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸோடு கட்டப்பட்டிருப்பதால் அங்கேயும் முக்கால் வோல்ட்டுக்குள்தான் நிற்கும். அதாவது, 16-ஆ 50-ஆ என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கெப்பாசிட்டர் தன் வாழ்நாள் முழுவதும் 1 வோல்ட்டைக்கூடப் பார்க்கப்போவதில்லை.

மூன்றாவதைப் பாருங்கள். வெளியே போகும் வழியில் இருக்கும் 10 நானோஃபேரட். மூன்றில் சிறியது இதுதான், யாரும் கவலைப்படாததும் இதுதான். ஆனால் அது தொட்டுக்கொண்டிருக்கும் இடம் எது? சப்ளையிலிருந்து இறங்கும் 470 ஓம் ரெசிஸ்டரும் (சிலிக்கான் வரைபடங்களில் 330 ஆகவும் இருக்கும்) 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேரும் சந்திப்பு. அந்த வழியாக ஓடும் மின்னோட்டம் அரை மில்லியாம்பியரை ஒட்டியது. 470 ஓமில் அது இழப்பது கால் வோல்ட்தான். எனவே சந்திப்பில் ஏறக்குறைய 8.7 வோல்ட் நிற்கும், மறுபக்கம் வால்யூம் கட்டுப்பாட்டின் வழியாக கிரவுண்ட். மூன்றில் கிட்டத்தட்ட முழு சப்ளையையும் தாங்குவது அந்தக் குட்டி கெப்பாசிட்டர்தான். வோல்ட் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறை இவ்வளவுதான்: மதிப்பையும் உருவத்தையும் பார்க்காமல், இரண்டு கால்களும் எங்கே நிற்கின்றன என்று பார்த்து வித்தியாசத்தை எடுங்கள். ஓப்-ஆம்ப் பெடல்களில் இது இன்னும் எளிது. பாதி சப்ளையான 4.5 வோல்ட்டில் எல்லாம் நிற்கும். அந்த 4.5-ஐ நிலையாக வைத்திருக்கும் கெப்பாசிட்டர் அதைத்தான் சுமக்கும். இரண்டு ஓப்-ஆம்ப் நிலைகளுக்கு நடுவே இருக்கும் கெப்பாசிட்டருக்கு இரு பக்கமும் 4.5 என்பதால் டி.சி. வித்தியாசம் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, அப்படியானால் 10 வோல்ட் கெப்பாசிட்டரே போதுமே என்று தோன்றும். காகிதத்தில் போதும். நடைமுறையில் போதாது, காரணம் அடாப்டர்.

சில வருடங்களுக்கு முன் டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று பழுதுக்கு வந்தது. யாரோ வீட்டில் கட்டியது, வேலை சுத்தமாக இருந்தது. சப்ளையில் 100 மைக்ரோ 10 வோல்ட் கெப்பாசிட்டர், தலை உப்பி, அடியில் ஈரம் கசிந்திருந்தது. கொண்டுவந்தவரிடம் அடாப்டரையும் எடுத்துவரச் சொன்னேன். மேலே "9 வோல்ட் 300 மில்லியாம்பியர்" என்று தெளிவாக எழுதியிருந்தது. மீட்டரில் வைத்தால் 13.6 வோல்ட். அடாப்டரில் கோளாறு ஒன்றுமில்லை. பழைய வகை, கையில் எடுத்தால் கனமாக இருக்கும், உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் நான்கு டையோடும் ஒரு கெப்பாசிட்டரும் மட்டும் இருக்கும், வோல்ட்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் கிடையாது. 300 மில்லியாம்பியர் இழுத்தால்தான் அது 9 வோல்ட்டுக்கு இறங்கும். பெடலோ சில மில்லியாம்பியர்தான் இழுக்கும், ஃபஸ் என்றால் ஒன்றுகூட இழுக்காது. அதனால் வோல்ட்டேஜ் இறங்காமல் மேலேயே நிற்கிறது. இன்னொன்று, நம் ஊர் லைனில் 230 என்பது பெயருக்குத்தான். இரவில் சில பகுதிகளில் 250-ஐத் தொடும். ரெகுலேட்டர் இல்லாத அடாப்டரின் வெளியீடும் அதே விகிதத்தில் ஏறும்.

பெடல் உலகில் இது புதிய சங்கதியும் இல்லை. பாஸ் நிறுவனத்தின் பழைய ஏ.சி.ஏ. வகை அடாப்டர் இப்படி ரெகுலேட்டர் இல்லாததுதான். அதற்கென்று வடிவமைத்த பெடல்களுக்குள், கூடுதல் வோல்ட்டேஜைக் குறைக்க ரெசிஸ்டரும் டையோடும் இருக்கும். பிற்பாடு வந்த பி.எஸ்.ஏ. வகை ரெகுலேட்டர் உள்ளது, சரியாக 9 வோல்ட் தரும். இன்றைக்கு விற்கும் ஸ்விட்ச் மோட் அடாப்டர்களில் பெரும்பாலானவை 9-க்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் நீங்கள் கட்டும் பெடல் நாளைக்கு யார் கையில் இருக்கும், அவர் எதைச் சொருகுவார் என்று நமக்குத் தெரியாது. பல பவர் சப்ளைகளில் 9, 12, 18 வோல்ட் என்று பக்கத்துப் பக்கத்தில் துளைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே மாதிரி பிளக். மேடை இருட்டில் மாற்றிச் சொருகுவது எப்போதும் நடப்பதுதான்.

அதனால் என் வழக்கத்தைச் சொல்கிறேன். 9 வோல்ட் பெடலில் சப்ளையைத் தொடும் எலக்ட்ரோலைடிக் எல்லாம் குறைந்தது 25 வோல்ட். 16 வோல்ட் போட்டாலும் பெடல் ஓடும், கடையில் விற்கும் எத்தனையோ பெடல்களில் 16 வோல்ட்தான் இருக்கிறது. ஆனால் யாராவது 18 வோல்ட் சொருகினால்? அலுமினிய எலக்ட்ரோலைடிக் தன் எண்ணைவிட 15 சதவீதம் அதிகத்தைச் சில நொடிகள் மட்டும் தாங்கும்படி தயாரிக்கப்படுகிறது. 16 வோல்ட்டுக்கு அந்த எல்லை 18.4. ஒரு கணத் தவறு என்றால் தப்பிக்கும், ஒரு மணி நேரக் கச்சேரி முழுக்க என்றால் சொல்ல முடியாது. 25 வோல்ட் கெப்பாசிட்டருக்கு இந்தக் கவலையே இல்லை, விலை வித்தியாசமும் சில்லறைதான். 18 வோல்ட்டில் ஓட்டவே வடிவமைத்த பெடலாக இருந்தால் ஒரு படி ஏறி 35 வோல்ட் வாங்குங்கள்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 63 வோல்ட் வாங்கிவிடலாமே? மின்சாரக் கணக்கில் தடை ஒன்றுமில்லை, இடம்தான் தடை. 100 மைக்ரோ 25 வோல்ட் பெரும்பாலும் 6.3 மில்லிமீட்டர் குறுக்களவில், 11 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதையே 50 வோல்ட்டில் எடுத்தால் 8 மில்லிமீட்டர், 63 வோல்ட்டில் 10-ஐக்கூடத் தொடும். கால் இடைவெளியும் மாறும், போர்டில் போட்ட துளைக்குள் கால் சரியாக இறங்காது. ஹேமண்ட் 1590பி பெட்டி வெளியிலேயே 112-க்கு 60, உயரம் 31 மில்லிமீட்டர்தான். அதற்குள் ஜாக், ஸ்விட்ச், பொட்டென்ஷியோமீட்டர் எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான். உயரமான கெப்பாசிட்டர் பொட்டென்ஷியோமீட்டரின் உலோக முதுகை இடித்துக்கொண்டு நிற்கும். மூடி திருகும்போது அழுந்தி, கால் வளைந்து பக்கத்துக் காலைத் தொடும். உங்கள் 22 மைக்ரோவில் இந்தப் பிரச்சினை இல்லை. அந்த மதிப்பில் 50 வோல்ட் ரகமே பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கிவிடும்.

சார்ஜ் பம்ப் உள்ள பெடலில் மட்டும் 9 வோல்ட் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. சின்ன ஐ.சி. ஒன்று கெப்பாசிட்டர்களை மாற்றி மாற்றி நிரப்பி 9-ஐ 18 ஆக்கும், அல்லது மைனஸ் 9 ஆக்கும். 1994-இல் வந்த க்ளான் சென்டார் என்ற பெடல் இரண்டையும் செய்கிறது. அதில் ஓர் ஓப்-ஆம்ப்புக்கு மேலே ஏறக்குறைய 18, கீழே மைனஸ் 9, மொத்தம் 27 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. 18-இலிருந்து கிரவுண்டுக்குப் போகும் கெப்பாசிட்டருக்கு 25 வோல்ட் போதும். 18-க்கும் மைனஸ் 9-க்கும் நேராகக் குறுக்கே ஒன்றைப் போடுகிறீர்கள் என்றால் 35 வேண்டும். மைனஸ் பக்கம் போடும் எலக்ட்ரோலைடிக்கின் பிளஸ் கால் கிரவுண்டில் இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள், பழக்கதோஷத்தில் தலைகீழாகப் போட்டுவிடுவார்கள். இவ்வகைப் பெடலில் தவறான அடாப்டர் சொருகினால் கெப்பாசிட்டருக்கு முன்னால் ஐ.சி.தான் போகும். சார்ஜ் பம்ப் ஐ.சி.க்களில் மேக்ஸ் 1044-இன் உச்ச வரம்பு 10.5 வோல்ட். 7660-இன் எஸ் வகை 12 வரை ஓடும், எல்.டி. 1054 என்றால் 15 வரை. எல்.டி. 1054 போட்டு 12 வோல்ட்டில் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இரட்டிப்பு 24 ஆகும், அங்கே 25 வோல்ட் கெப்பாசிட்டர் விளிம்பில் நிற்கும், 35 போடுங்கள்.

இதுவரை பேசியது எலக்ட்ரோலைடிக். செராமிக் வேறு சங்கதி. வோல்ட் எண் வெறும் வரம்புதான் என்று மேலே சொன்னேன் அல்லவா, செராமிக்கில் மட்டும் அது முழு உண்மை இல்லை. எக்ஸ்7ஆர், எக்ஸ்5ஆர், ஒய்5வி என்று வரும் பல அடுக்கு செராமிக்குகளில் டி.சி. ஏற ஏற ஃபேரட் மதிப்பு இறங்கும். மிகச் சிறிய உருவத்தில் 10 மைக்ரோ 16 வோல்ட் என்று வாங்கி 9 வோல்ட் சப்ளையில் போட்டால், பாதிக்கும் மேல் காணாமல் போவது சாதாரணம். மீட்டரில் அளந்தால் 10 காட்டும், ஏனென்றால் மீட்டர் டி.சி. கொடுத்து அளப்பதில்லை. இங்கே வோல்ட் எண்ணைக் கூட்டி, உருவத்திலும் சற்றுப் பெரியதாக வாங்குவது மெய்யாகவே பலன் தரும். நண்பர் பயந்ததற்கு நேர் எதிர்த் திசையில் இது வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். சிக்னல் போகும் பாதையில் இந்த வகையை நான் போடுவதில்லை. சிக்னலோடு சேர்ந்து அதன் மதிப்பும் ஆடும், அது ஒலியில் சிதைவாக வரும். போர்டைத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும் அளவுக்குச் சில கெப்பாசிட்டர்கள் மைக் போல நடந்துகொள்ளும். பிகோஃபேரட் அளவில் வரும் சி0ஜி வகைக்கு இந்தக் குறை எதுவும் கிடையாது, அதை எங்கும் போடலாம்.

செராமிக் சார்ந்த இன்னொரு ஆபத்து பலருக்கும் தெரியாது. சப்ளை நுழையும் இடத்தில் செராமிக் மட்டும் இருந்து, மின்சாரம் ஏற்கெனவே ஓடும் நீண்ட அடாப்டர் வயரைச் சொருகினால், வயரின் தூண்டலும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு கணம் ஊஞ்சலாடும். அப்போது வோல்ட்டேஜ் இரட்டிப்புக்குப் பக்கத்தில் போகும், 9 என்பது 18-ஐ நெருங்கும். எலக்ட்ரோலைடிக் ஒன்று பக்கத்தில் இருந்தால் அதன் உள் எதிர்ப்பு இந்த ஆட்டத்தை அடக்கிவிடும். 25 வோல்ட் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஃபிலிம் கெப்பாசிட்டருக்கு நீண்ட பேச்சு வேண்டாம். பாக்ஸ் வகையோ பச்சை மைலார் வகையோ, கடையில் கிடைப்பது 50, 63, 100 வோல்ட்டில்தான் இருக்கும், பெடலுக்கு எல்லாமே போதும். 400, 630 வோல்ட் எடுத்தால் போர்டில் உட்காராது, வேறு தீங்கு இல்லை. மேலே வோல்ட் எழுதாமல் 2ஏ104ஜே என்பது போல இருந்தால் குழம்ப வேண்டாம். 104 என்பது 10-க்குப் பின் நான்கு பூஜ்யம், பிகோஃபேரட்டில், அதாவது 100 நானோ. ஜே என்பது 5 சதவீத ஏற்ற இறக்கம். முன்னால் இருக்கும் 2ஏ என்பதுதான் 100 வோல்ட். அதே முறையில் 1சி என்றால் 16, 1இ என்றால் 25, 1வி 35, 1எச் 50, 1ஜே 63, 2ஜி 400, 2ஜே 630. ரிச்சி தெருவில் கலந்து கொட்டி வைத்திருக்கும் டப்பாவிலிருந்து பொறுக்கும்போது இது மிகவும் உதவும்.

எலக்ட்ரோலைடிக்கிலேயே இன்னொரு வகையான டான்டலத்தை மட்டும் பயத்தோடு கையாளுங்கள். அலுமினிய எலக்ட்ரோலைடிக் கெட்டால் பெரும்பாலும் உப்பும், கசியும், மதிப்பு குறையும். டான்டலம் கெட்டால் ஷார்ட் ஆகும், சப்ளை பலமாக இருந்தால் தீப்பிடிக்கும். சென்டர் பாசிட்டிவ் அடாப்டரை (பிளக்கின் நடுவில் பிளஸ், அந்தப் பெடலுக்குத் தலைகீழ்) சொருகிவிட்ட பெடல் ஒன்றைத் திறந்தபோது, டான்டலம் இருந்த இடத்தில் கருகிய வட்டமும் போர்டில் ஓட்டையும்தான் இருந்தன. எண்ணில் பாதிக்கு மேல் ஏற்றாதே என்பது டான்டலத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் விதி, நானும் அதை மீறுவதில்லை. 9 வோல்ட்டுக்கு 25 வோல்ட் டான்டலம். சப்ளைக்கு நேராக அதைப் போடவே மாட்டேன், சிக்னல் பாதையில் மட்டும்தான். அடையாளக் கோட்டிலும் ஏமாற வாய்ப்புண்டு. அலுமினிய வகையில் உடம்பில் இருக்கும் பட்டை மைனஸ் பக்கத்தைக் காட்டும், டான்டலத்தில் பட்டை பிளஸ் பக்கத்தைக் காட்டும்.

தலைகீழ் மின்சாரத்தை எந்த வோல்ட் எண்ணும் காப்பாற்றாது. 63 வோல்ட் அலுமினிய எலக்ட்ரோலைடிக்காக இருந்தாலும் தலைகீழாகத் தாங்குவது 1 வோல்ட் சொச்சம்தான். அதனால் சப்ளை நுழையும் இடத்தில் 1என்5817 டையோடு ஒன்றைத் தொடராகப் போட்டுவிடுங்கள். இழப்பு கால் வோல்ட் அளவுதான். உங்கள் பெடல் என்.பி.என். சிலிக்கான் என்பதால் 2.2 மைக்ரோவின் பிளஸ் கால் டிரான்சிஸ்டர் பேஸ் பக்கம், 22 மைக்ரோவின் பிளஸ் கால் ஃபஸ் கட்டுப்பாட்டின் பக்கம். ஜெர்மேனியம் பி.என்.பி. வைத்த பழைய வரைபடத்தைப் பார்த்துக் கட்டினால் இரண்டும் தலைகீழாக வரும், அங்கே கிரவுண்ட் என்பது பேட்டரியின் பிளஸ்.

இனி ஒலியைப் பற்றி. மேலே சொன்ன வரம்பு, அளவு, செராமிக்கின் மதிப்பு இறக்கம் எல்லாம் அளந்து பார்க்கக்கூடியவை, அவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. அதிக வோல்ட் கெப்பாசிட்டர் "திறந்த" ஒலி தரும், குறைந்த வோல்ட் "இறுக்கமான" ஒலி தரும் என்பவையெல்லாம் வேறு ரகம். ஒரே வகையில், ஒரே மதிப்பில், வோல்ட் எண் மட்டும் மாறிய இரண்டைப் போட்டு என் காதால் பிரித்தறிய முடிந்ததில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. எலக்ட்ரோலைடிக்கின் ஏற்ற இறக்கம் பொதுவாக 20 சதவீதம். 16 வோல்ட்டைக் கழற்றிவிட்டு 50 வோல்ட்டைப் போட்டு ஒலி மாறியது என்று ஒருவர் சொன்னால், ஒன்று 18 மைக்ரோவாகவும் மற்றொன்று 26 மைக்ரோவாகவும் இருந்திருக்கலாம். அப்போது அவர் கேட்டது பொய்யில்லை, காரணம்தான் வேறு. ஒப்பிட விரும்பினால் முதலில் இரண்டையும் மீட்டரில் அளந்து, சமமானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒலியில் உண்மையாகவே தலையிடும் ஒரு குணம் கசிவு மின்னோட்டம். வெளியே போகும் வழியில் எலக்ட்ரோலைடிக் இருந்து அது கசிந்தால், வால்யூம் கட்டுப்பாட்டில் டி.சி. ஏறும், திருகும்போது கரகரவென்று சத்தம் வரும். பலர் கட்டுப்பாட்டை மாற்றிப் பார்த்துவிட்டு ஏமாந்துபோவார்கள். கசிவு, கெப்பாசிட்டர் தன் எல்லைக்குப் பக்கத்தில் ஓடும்போது கூடும், எல்லைக்கு வெகு கீழே ஓடும்போது குறையும். அந்த வகையில் 50 வோல்ட் வாங்கியது உங்களுக்கு நல்லதே. வருடக்கணக்கில் கடையில் கிடந்த பழைய சரக்கில் கசிவு அதிகம் இருக்கும், படலம் சிதைந்திருக்கும் என்று முதலில் சொன்னேனே, அதுதான். வோல்ட் எண்ணைவிட, சரக்கு புதிதா என்று கேட்பது அதிகம் பயன்படும்.

வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த பெடல் பற்றியும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அங்கே என் பதில் சுருக்கமானது. 12ஏஎக்ஸ்7 வால்வை 250 வோல்ட்டில் ஓட்டும் சர்க்யூட்டில் 400, 450 வோல்ட் கெப்பாசிட்டர் வேண்டும், வால்வு சூடாகும் முன் வோல்ட்டேஜ் இன்னும் மேலே ஏறி நிற்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், 9 வோல்ட்டில் 100 மைக்ரோ சேர்த்து வைக்கும் ஆற்றல் 4 மில்லிஜூல். 250 வோல்ட்டில் 47 மைக்ரோ சேர்த்து வைப்பது ஏறக்குறைய ஒன்றரை ஜூல், முந்நூறு மடங்குக்கும் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கும், கை பட்டால் உயிருக்கே ஆபத்து. அதை எழுத்தில் படித்துக் கற்க வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, கெப்பாசிட்டரைக் காலி செய்யும் முறையைக் கையால் காட்டித் தர வேண்டும். நானும் அப்படித்தான் கற்றேன். வால்வு வேலை என் தினசரித் தொழிலும் இல்லை, அதனால் இதற்கு மேல் அதில் யோசனை சொல்லமாட்டேன்.

ஆக, உங்கள் கடைச்சீட்டு இப்படி இருக்கட்டும்: 2.2 மைக்ரோவுக்கு 50 வோல்ட் எலக்ட்ரோலைடிக் (அந்த மதிப்பில் எளிதாகக் கிடைப்பதே அதுதான்), கையில் இருக்கும் 22 மைக்ரோ 50 வோல்ட் அப்படியே, 10 நானோவுக்கு 63 அல்லது 100 வோல்ட் ஃபிலிம். வரைபடத்தில் இல்லாவிட்டாலும் சப்ளைக்குக் குறுக்கே 100 மைக்ரோ 25 வோல்ட் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அடாப்டரில் ஓட்டும்போது வரும் இரைச்சல் குறையும். சால்டரிங் அயர்னைச் சூடேற்றும் முன் அடாப்டரைச் சுவரில் சொருகி, பெடல் இல்லாமல், மீட்டரில் ஒருமுறை அளந்து பாருங்கள். 10-க்கு மேல் காட்டினால் அந்த எண்ணை இங்கே எழுதுங்கள். எத்தனை ஓம் ரெசிஸ்டர், எந்த ஜீனர் டையோடு போட்டு அதை இறக்குவது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.